டான்சில் எடுத்த வீட்டுக்கு ஒரு போன்

எங்கள் தொழிலில் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கும் வரை பயம் அடக்கமாகத்தான் இருக்கும். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் அது அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஓட ஆரம்பிக்கும்.

தர்மபுரியில் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். டான்சில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைகளைத் தினமும் போனில் விசாரிப்பது என் பொறுப்பு. தண்ணீர் குடித்தானா, மருந்து உள்ளே இறங்கியதா, ஒண்ணுக்குப் போனானா, ரத்தம் எதுவும் வந்ததா, அவ்வளவுதான் கேள்விகள். ஆனால் எதிர்முனையில் போனை எடுத்து "சொல்லுங்க சிஸ்டர்" என்று ஒரு குரல் வருகிற வரைக்கும் ரிங் எத்தனை தடவை போகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். உங்கள் வீட்டில் இந்த ஆபரேஷன் நடந்திருந்தால் நான் சொல்லவே வேண்டாம். மருந்துக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடிய பிள்ளைக்கு முன்னால் மண்டி போட்டிருப்பீர்கள். அவன் அசந்து தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்திருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே கட்சி. அதனால்தான் இதையெல்லாம் உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

வெள்ளை

காலையில் டூட்டிக்கு வந்து பையைக்கூட வைக்கவில்லை, போன் அடித்தது. பென்னாகரம் பக்கத்து அப்பா ஒருவர். இரண்டு நாள் முன்னால்தான் மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். "சிஸ்டர், உள்ள பூரா சீழ் புடிச்சிருச்சுங்க. டார்ச் அடிச்சு பாத்தன். ரெண்டு பக்கமும் வெள்ள வெள்ளயா நிக்குது, நாத்தம் வேற அடிக்குது" என்றார். மூச்சு இரைத்தது. பின்னால் பையன் வீறிட்டு அழுகிற சத்தம். "ஏங்க அழுவறான்?" என்று கேட்டேன். "புடிச்சு வெச்சிருக்கங்க. வெரல்ல துணிய சுத்தி மஞ்சத்தண்ணியில நனைச்சு வெச்சிருக்கன். வழிச்சு எடுத்துட்டா சரியாயிடுமில்லீங்க?" என்றார்.

நான் கத்தியே விட்டேன். வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முழங்கால் அடிபட்டால் மேலே பொருக்குக் கட்டுகிறது இல்லையா, அதே பொருக்குத்தான் இது. தொண்டை ஈரமாக இருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது, தானாக உதிரும், நாற்றமும் அதோடு போய்விடும். கையால் எடுத்தால் அடியில் இருக்கும் புண் திறந்துகொண்டு ரத்தம் வரும். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் துணியைக் கீழே போடுகிற வரைக்கும் போனை வைக்கவில்லை. பையனின் அழுகை விசும்பலாக இறங்கிய பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "அப்ப வெள்ளைய பாத்தா பயப்பட வேணாம், செவப்ப பாத்தாதான் பயப்படணும். சரிங்க சிஸ்டர், பயம் அப்படியேதான் இருக்குது, கலருதான் மாறுது."

பாறை மேல் சிக்னல்

சித்தேரி மலையில் ஒரு சின்ன ஊர். சாமை, தினை போடுகிற குடும்பம். சின்னசாமி என்று பெயர், அவருடைய மகன் தருணுக்கு ஆபரேஷன் நடந்திருந்தது. அவர்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி நின்றால் கிடைக்கும். அதனால் நான் கூப்பிட முடியாது, அவர்தான் ஏறி வந்து கூப்பிடுவார். முதல் சில நாள் "பையன் ஜம்முனு இருக்கான் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு மத்தியானம் போன் வந்தது. "சிஸ்டர், காதுல இருந்து..." என்றார். கட்டாகிவிட்டது.

திருப்பிக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. காதிலிருந்து என்ன? ரத்தமா? சீழா? தொண்டையில் வருகிற ரத்தத்தைத்தான் காது என்று சொல்கிறாரா? மலையிலிருந்து இறங்கி வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. ஊசி போடப் போன இடத்தில் எதற்கு வந்தேன் என்பதே மறந்து நின்றேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடினேன். ஒருவழியாக மறுபடி அடித்தது. "மேகம் மூடிக்கிச்சுங்க, சிக்னல் போயிருச்சு. காதுல இருந்து உசுரு போற மாதிரி வலின்னு துடிக்கறாங்க பையன். எண்ணெய் காய்ச்சி ஊத்தலாம்னு வூட்ல சொல்றாங்க, உங்கள கேட்டுட்டு ஊத்தலாம்னு ஓடி வந்தன்" என்றார்.

ஊற்றாதீர்கள் என்று முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் நான் மூச்சு விட்டேன். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு ஓடுகிறது, தொண்டைப் புண்ணின் வலிதான் காதில் தெரிகிறது என்று விளக்கினேன். வலி மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டால், நன்றாகிவிட்டான் என்று நிறுத்தியிருக்கிறார்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். இந்த வலி முதல் நாள்களில் சாதுவாக இருந்துவிட்டு, பிறகு ஏறும். ஏறின பிறகு துரத்துவதைவிட நேரத்துக்கு நேரம் மருந்து கொடுத்து ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் சுலபம். மறுநாள் பாறை மேலிருந்து சின்னசாமி சிரித்துக்கொண்டே பேசினார்: "காது வலி நின்னுடுச்சு சிஸ்டர். ஆனா ராவெல்லாம் முழிச்சு இப்ப அவங்கம்மாவுக்கு தல வலிக்குது, அதுக்கும் இதே நரம்பான்னு கேக்கறா."

பழக்கமாகிவிடும்

தர்மபுரி டவுனிலேயே ஒரு வீடு. வலி மருந்து கொடுத்தால் கிட்னி போய்விடும், பிள்ளைக்கு அதுவே பழக்கமாகிவிடும் என்று அப்பா பாட்டிலை பீரோவில் பூட்டி வைத்துவிட்டார். போனில் எனக்கே வகுப்பு எடுத்தார். அந்தப் பக்கம் சின்னவன் வலியில் அனத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அவர் பேசிய எதுவும் காதில் ஏறவில்லை, அது மட்டும்தான் ஏறியது. டாக்டர் எழுதிய அளவில், எழுதிய நாள் வரைக்கும் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, கொடுக்காவிட்டால் அவன் தண்ணீரை விழுங்க மாட்டான், தண்ணீர் இறங்காவிட்டால்தான் கிட்னி பாடுபடும் என்று சொன்னேன். அவர் யோசிக்கிற நேரத்தில் போனை யாரோ பிடுங்கின மாதிரி இருந்தது. மூத்த பெண் குழந்தையின் குரல்: "சிஸ்டர், அப்பாவுக்கு பல்லு வலிச்சப்ப அவரு ஒரே வாட்டி ரெண்டு மாத்திர போட்டுக்கிட்டாரு."

தொல்லையே கொடுக்காத பெண்

அழுகிற பிள்ளையைவிட எனக்கு அழாத பிள்ளையைக் கண்டால்தான் பயம். வத்தல்மலையிலிருந்து ஒரு அம்மா, பெயர் செல்லம்மாள். மகள் திவ்யா நாலாவது படிக்கிறாள். "எப்படி இருக்கா?" என்று கேட்டதும் அந்த அம்மாவுக்குக் குரலெல்லாம் பெருமை. "தங்கமா கெடக்குதுங்க. மத்த புள்ளைங்க மாதிரி ஒரு அழுவ இல்ல, ஒரு அடம் இல்ல. மருந்துகூட கேக்கல, அதான் குடுக்கல. செவுத்த பாத்து படுத்துட்டு தூங்குது." தண்ணீர் குடித்தாளா என்று கேட்டேன். "வேணாங்குது. சரி, வலிக்கும்னு விட்டுட்டங்க." ஒண்ணுக்குப் போனாளா என்று கேட்டேன். "நேத்து ராத்திரி போச்சுங்க" என்றார். அப்போது சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது.

உதடு எப்படி இருக்கிறது, நாக்கு ஈரமாக இருக்கிறதா, கூப்பிட்டால் எழுந்து உட்காருகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, செல்லம்மாளின் குரலில் இருந்த பெருமை கரைந்துகொண்டே போனது. "திவ்யா... ஏ திவ்யா... கண்ணு, எந்திரி" என்று அவர் எழுப்புகிற சத்தம் கேட்டது. பதில் சத்தம் வரவில்லை. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் ஏதோ முனகல் கேட்டது. உடனே கிளம்பி வாருங்கள் என்றேன். அந்த மலைப் பாதையின் வளைவுகள் எனக்குத் தெரியும். ஒரு பைக்கில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் தலை தொங்கிப்போன பெண்ணை வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்குவதை நினைத்தபடி வாசலில் நின்றேன்.

வந்துவிட்டார்கள். கண் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. நரம்பு கிடைக்காமல் நானும் எங்கள் டாக்டரம்மாவும் திண்டாடித்தான் டிரிப்ஸ் ஏற்றினோம். வலி மருந்தும் அதிலேயே போனது. பாட்டில் பாதி இறங்கினதும் முகத்தில் உயிர் வந்தது. நானே டம்ளரைப் பிடித்துக்கொள்ள, ஜில்லென்று தண்ணீர் ஒவ்வொரு மடக்காக உள்ளே போனது. செல்லம்மாள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். "ஏன் கண்ணு, இவ்வளவு வலியில ஒரு வார்த்த சொல்லல? அழுதிருந்தாகூட அம்மாவுக்கு தெரிஞ்சிருக்குமே?" என்று கேட்டேன். திவ்யா என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அழுதா தொண்ட வலிக்குது சிஸ்டர், அதான் அழுவல."

இரண்டு பாட்டில்

அரூரில் ரேவதி என்று ஒரு அம்மா. நான் பேசினவர்களிலேயே அவ்வளவு ஒழுங்கான ஆளைப் பார்த்ததில்லை. மொபைலில் அலாரம் வைத்து மருந்து கொடுக்கிறார். மகள் நிவேதா மோர் குடிக்கிறாள், குழைந்த சாதம் சாப்பிடுகிறாள். நிம்மதியாகப் போனை வைக்கப் போனேன். அப்போது அவர், "ரெண்டு மருந்தும் நேரம் தவறாம குடுத்துட்டு வரங்க" என்றார். இரண்டு மருந்து என்றால்? "நீங்க வலிக்கு குடுத்தது ஒண்ணு. ஒடம்பு லேசா சுட்டுச்சுன்னு கொழுந்தனாரு மெடிக்கல்ல காய்ச்சல் மருந்து வாங்கியாந்தாரு, அது ஒண்ணு." அந்தப் பாட்டிலில் கீழே சின்ன எழுத்தில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னேன். அவர் பாதி படித்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது. பாராசிட்டமால். நாங்கள் கொடுத்ததும் அதுதான். இரண்டு நாளாக நேரம் தவறாமல் இரட்டிப்பு அளவு உள்ளே போயிருக்கிறது. அளவு மீறினால் அது ஈரலைக் கெடுக்கும்.

பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த பஸ்ஸில் வர வேண்டும் என்கிற அளவுக்குப் பயப்படவும் வேண்டும். இந்த அளவில் ஒரு குரலை எப்படி வைத்துக்கொள்வது என்று எந்த நர்ஸிங் காலேஜிலும் சொல்லித்தருவதில்லை. இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தோம். ஈரல் கெட்டால் கண் மஞ்சளாகும் என்று யாரோ பஸ்ஸில் சொல்லியிருக்கிறார்கள் போல. ரேவதி மகளின் கீழ் இமையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிவேதா "வலிக்குதும்மா" என்று கையைத் தட்டிவிட்டாள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "மஞ்சளா தெரியுதுங்களா?" என்று கேட்பார். அந்த டியூப்லைட் வெளிச்சத்தில் எனக்கும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. அதை நான் சொல்லவில்லை.

ரிசல்ட் வந்தது. ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் வைத்திருந்து மறுபடி பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றார் டாக்டரம்மா. அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ரேவதி அப்போதுதான் அழுதார். அழுது முடித்துவிட்டு, கோபமாக இரண்டு பாட்டிலையும் என் முன்னால் மேஜையில் வைத்தார். "ஒரே ஆளு ரெண்டு சட்ட மாத்தி போட்டுட்டு வந்தா, ரெண்டு பேருன்னுதான சிஸ்டர் நெனப்போம்?"

நன்றாக விழுங்குகிறான்

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தேவி என்கிற அம்மாவும் அவருடைய மகன் கவினும். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. பொருக்கு உதிர்கிற சமயம் வந்துவிட்டது, அப்போதுதான் ரத்தம் வர வாய்ப்பு அதிகம், அதனால் நான் கொஞ்சம் கூடுதலாகவே விசாரித்துக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம் கூப்பிட்டபோது தேவி உற்சாகமாக இருந்தார். "வலியெல்லாம் போயிருச்சு சிஸ்டர். இத்தன நாளா எச்சிய முழுங்க மாட்டாம துப்பிட்டு கெடந்தான். இன்னைக்கி நல்லா முழுங்கறான்." தூங்குகிறானா என்று கேட்டேன். "ஆமாங்க, தூக்கத்துலயே முழுங்கறான். முழுங்கிட்டே இருக்கான்." போனை அவன் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். மின்விசிறி சத்தத்துக்கு நடுவே எனக்கு அது கேட்டது. மடக். கொஞ்சம் இடைவெளி. மடக்.

"தேவி, பதட்டப்படாதீங்க. பையன எழுப்பி ஒக்கார வெச்சு, வாயத் தொறந்து டார்ச் அடிச்சு பாருங்க" என்றேன். சேர் இழுபடுகிற சத்தம். பிறகு டார்ச் சுவிட்ச் 'டக்' என்றது. "சிஸ்டர், உள்ள செவப்பா ஓடுது" என்றார், யாருடைய குரலோ மாதிரி. முன்னால் குனிந்து உட்காரட்டும், வருவதைத் துப்பட்டும், விழுங்க வேண்டாம், தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், எந்த வண்டி முதலில் கிடைக்கிறதோ அதில் ஏறுங்கள் என்று சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டு அப்போதுதான் வண்டியை நிறுத்தியிருந்தாராம். காலி கிரேட்டுகளோடு அப்படியே கிளம்பிவிட்டார்கள். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். கிரேட்டுகள் கடகடவென்று ஆடுகிற சத்தம், ஹாரன், "துப்பு சாமி, துப்பு" என்கிற தேவியின் குரல், அப்புறம் பையன் ஓங்கரித்து வாந்தி எடுக்கிற சத்தம். அதற்கு மேல் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டிரைவர்தான் பேசினார். "நெறைய வருதுங்க, நெறைய வருதுங்க" என்றார். டாக்டரம்மா தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கவினைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது அவனுடைய சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. நான் அவனை வாங்கினேன். உடம்பு ஈரத் துணி மாதிரி இருந்தது. தியேட்டர் கதவு மூடிக்கொண்டது. உள்ளே நான் என்ன செய்தேன் என்று எனக்கே கோர்வையாக நினைவில்லை. ரத்தம் வந்த இடத்தைப் பிடித்துவிட்டார் டாக்டரம்மா, நின்றது. ரத்தம் ஏற்றினோம். வெளியே வந்து "பொழச்சுக்கிட்டான், தேவி" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை, கும்பிடவில்லை. டிரைவர்தான் சுவரில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தேவி தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவன் முழுங்கற சத்தத்த கேட்டு நான் சந்தோஷப்பட்டுட்டு ஒக்காந்திருந்தன் சிஸ்டர்."

என் வீட்டுக்கு வந்த போன்

இவ்வளவையும் பார்த்த எனக்கு என் மகள் யாழினிக்கும் அதே ஆபரேஷன் என்று ஆனபோது, எல்லோரும் "உங்களுக்கு என்னங்க, நீங்களே நர்ஸு" என்றார்கள். நர்ஸாக இல்லாதவர்களுக்குப் பயப்பட நாலு விஷயம் இருந்தால் எனக்கு நாற்பது இருந்தது. அவள் ஒரு தடவை எச்சில் விழுங்கினால் என் நெஞ்சு நின்றது. விழுங்காவிட்டாலும் நின்றது. டார்ச்சை எடுத்தாலே போர்வைக்குள் புகுந்துகொண்டாள். மருந்து கொடுக்கப் போனால் என் முகத்தைப் பார்த்து அவளுக்கும் பயம் வந்து, பாதி மருந்து தலையணையில் போனது. டவுன் பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர்தான் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். மருந்தை ஃப்ரிட்ஜ் தண்ணீர் டம்ளரோடு எடுத்து வந்து, "மருந்து ஒரு மடக்கு, தண்ணி ஒரு மடக்கு, அப்புறம் கார்ட்டூன்" என்று அவர் பஸ் கண்டக்டர் ஸ்டாப் சொல்வது மாதிரிச் சொல்வார். அவள் குடித்துவிடுவாள்.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். என் இடத்தில் எனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த ஜூனியர் நர்ஸ் கலைவாணி. "யாழினி தண்ணி குடிச்சுதாக்கா?" என்று ஆரம்பித்தாள். நான் தினமும் கேட்கிற அதே கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. காது வலிக்கிறது என்கிறாள், வெள்ளையாக இருக்கிறது, காலையிலிருந்து இரண்டு தடவைதான் ஒண்ணுக்குப் போனாள், மூச்சு ஒரு மாதிரி சத்தமாக வருகிறது, நீ டாக்டரம்மாவைக் கூப்பிடு என்று அடுக்கிக்கொண்டே போனேன். கலைவாணி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் மரியாதை குறையாமல் சொன்னாள்: "அக்கா, கோச்சுக்காதீங்க, அண்ணன்கிட்ட போன குடுங்க. புள்ளைக்கு வைத்தியம் பாக்கறவருகிட்ட மொதல்ல பேசிடறன், அப்புறமா உங்களுக்கு என்ன பண்றதுன்னு பாக்கலாம்."

இத்தனை வீடுகளுக்குப் போன் போட்டுப் பேசினதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பிள்ளையின் தொண்டை இரண்டு வாரத்தில் ஆறி, பிள்ளை முறுக்குக் கேட்க ஆரம்பித்துவிடுகிறது, பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆறுவதற்குத்தான் இன்னும் யாரும் ஒரு சிரப் கண்டுபிடிக்கவில்லை.